தெருவை நோக்கிய ஒலிபெருக்கி

குரல் உடம்பினுள் எவ்வாறு பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் நுணுகி ஆராய்கிறது. அக்குரல் உடம்பை விட்டு நீங்கி, புளியமரக் கிளையில் கட்டிய ஓர் அலுமினியக் குழாயின் வாயிலாக இரண்டாம் முறை பிறந்த வரலாற்றைத் தமிழில் எழுதியோர் மிகக் குறைவு. மேடைப் பேச்சை ஆராய்ந்தோர் உண்டு. கவியரங்கத்தை ஆராய்ந்தோர் உண்டு. திரைப்பாடலை ஆராய்ந்த நூல்களுக்கும் பஞ்சமில்லை. இம்மூன்றையும் ஊர்தோறும் கொண்டுசென்று சேர்த்த கருவியோ ஆய்வாளர் கண்ணில் பட்டதில்லை. விழா முடிந்ததும் கழற்றிக் கட்டி மாட்டுவண்டியில் ஏற்றிவிடும் பொருளுக்கு வரலாறு எதற்கு என்று எண்ணியிருக்கலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருவில்லிபுத்தூருக்கும் வத்திராயிருப்புக்கும் இடைப்பட்ட வ. புதுப்பட்டி போன்ற ஊர்களில் நடுவயதைக் கடந்தவர்களிடம் பழைய ஒலிபெருக்கிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், முகம் மலர்ந்துவிடுகிறது. வீட்டுக் கூடத்தில் இருந்த மரப்பெட்டி வானொலி, தேநீர்க் கடையில் பானை மேல் கவிழ்த்த ஒலிபெருக்கி, அம்பாசிடர் காரின் பின்கண்ணாடிக்குக் கீழே பதித்த இணை ஒலிபெருக்கிகள், கோயில் கொடையில் நான்கு திசையும் நோக்கிய குழாய்கள் என நினைவுகள் விரிகின்றன. இவற்றை வெறும் பழம்பொருள் ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு தலைமுறை எதை, யாருடன் கூடி, எவ்வளவு தொலைவிலிருந்து கேட்டது என்பதற்கு எஞ்சியிருக்கும் சான்று இந்நினைவுகளே.

பெருங்குரலின் வருகை

ஒலிபெருக்கிக்கு முந்திய காலத்தில் தொண்டையே கருவியாக இருந்தது. சென்னைக் கடற்கரையில் பாரதியார் பாடியதும், 1908-இல் தூத்துக்குடியிலும் நெல்லையிலும் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முழங்கியதும் வெறுங்குரலில்தான். பின்வரிசைக்கு எட்டாத பேச்சை முன்வரிசையினர் திருப்பிச் சொல்லக் கேட்டுப் புரிந்துகொண்டோர் பலராக இருந்திருப்பர். நாடகக் கொட்டகையின் கடைசி வரிசையை எட்டும் குரலே அன்று பாடகர்க்கு முதல் தகுதி. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் உச்சத் தாயியில் பாடிப் புகழ் ஈட்டினர் என்றால், அதில் அழகியல் மட்டுமின்றிக் கொட்டகையின் நீள அகலமும் அடங்கியிருந்தது. 1933-இல் மறைந்த கிட்டப்பா அவ்வெறுங்குரல் யுகத்தின் கடைசிப் பேரரசர்களுள் ஒருவர் எனலாம்.

கடல் கடந்த நாடுகளில் இதற்குள் வேறொன்று நிகழ்ந்திருந்தது. டென்மார்க்கில் பிறந்த பீட்டர் ஜென்சன் என்பாரும் எட்வின் பிரிடம் என்பாரும் கலிபோர்னியாவில் ஒரு கருவியை உருவாக்கினர். காந்தப் புலத்தினிடையே தொங்கும் சிறு கம்பிச்சுருள், மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப அசைந்து, தன்னுடன் பிணைந்த மென்தகட்டையும் அசைக்கிறது. தகடு காற்றை அசைக்கிறது. அதன் முன் பொருத்திய கூம்பு அவ்வசைவைத் திரட்டி வெளியே தள்ளுகிறது. 1915-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் சான் பிரான்சிஸ்கோவில் பெருங்கூட்டத்தின் முன் இக்கருவி இயங்கியது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் மேக்னவாக்ஸ். இலத்தீனில் ‘பெருங்குரல்’ என்று பொருள். 1919-இல் அமெரிக்க அதிபர் வில்சன் சான் டியாகோவில் அக்கருவியின் துணையால் பேசினார். 1925-இல் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் பொறியாளர் இருவர், நீண்ட கூம்பு இன்றியே, காகிதத்தாலான அகன்ற கூம்புத்தாள் நேரடியாகக் காற்றை அசைக்கும் ஒலிபெருக்கியை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். பின்னாளில் வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும் வந்த ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவை இவ்விருவர் வகுத்த வழியில் பிறந்தவை. கோயில் மரத்தில் ஏறிய குழாய்களோ ஜென்சன் வழி வந்தவை. ஊர்ப்புறத்து ஒலிக்கு இப்படி இரண்டு குலங்கள். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்தினால் மேற்கூறவிருக்கும் செய்திகள் பல தெளிவாகும்.

தமிழகத்தில் இக்கருவி தனியுடைமையாக அன்றிப் பொதுவுடைமையாகவே பரவலாக அறிமுகமாயிற்று என்பது கருதத்தக்கது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் 1924-இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் தொடங்கப்பட்டது. பொருள் முடையால் 1927-இல் அது நின்றபோது அதன் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சியிடம் சேர்ந்தது. மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் ஒலிபரப்பை நடத்தியது. மெரினாக் கடற்கரை உள்ளிட்ட பொது இடங்களில் ஒலிபெருக்கிகளை நிறுவி, பெட்டி வாங்க வழியற்ற மக்களும் கேட்கச் செய்தது. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், அடுத்த ஆண்டு மே மாதத்தில் திருச்சி நிலையமும் எழுந்தன. நகராட்சி ஒன்று மாலைதோறும் மக்களுக்குப் பாட்டு வழங்கியது என்பதை இன்றைய நகராட்சிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வாசகர் விருப்பம்.

கூடத்துப் பெட்டி

சிற்றூர்களுக்கு வானொலி வர மின்சாரம் தேவைப்பட்டது. பைக்காரா 1932-இலும் மேட்டூர் 1937-இலும் பாபநாசம் 1944-இலும் மின்னாக்கத் தொடங்கின. இராசபாளையத்தின் ஆலைகள் முதலில் ஒளி பெற்றன. சுற்றியிருந்த சிற்றூர்கள் பலவற்றுக்குக் காமராசர் ஆட்சிக்காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மின்சாரம் எட்டாத ஊர்களில் பேட்டரியில் இயங்கும் பெட்டிகள் பொதுச் சாவடியில் வைக்கப்பட்டன. பஞ்சாயத்து வானொலி என்று பின்னர் பெயர் பெற்ற அப்பெட்டியின் ஒலிபெருக்கி, கட்டடத்தின் உச்சியிலோ பூங்காவின் தூணிலோ தெருவை நோக்கி நின்றது. மாலையில் வேளாண் செய்தி, விலை நிலவரம், பாட்டு, மாநிலச் செய்தி. 1960-களில் தஞ்சைப் பகுதி உழவர் ஆடுதுறை 27 என்னும் நெல்லைத் திருச்சி வானொலி வழியே அறிந்து பயிரிட்டு, அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டனர். கருவியின் பெயரை விளைபொருளுக்கு இட்ட அந்த உழவரின் சொல்லாக்கத் திறனைக் கவிஞர்கள் மெச்சத்தான் வேண்டும்.

வசதி படைத்த வீடுகளில் மர்ஃபி, பிலிப்ஸ், புஷ், டெலிஃபங்கன், எச்.எம்.வி. எனப் பெட்டிகள் வந்தமர்ந்தன. வால்வுகள் சூடேற அரை நிமிடம் ஆகும். அதுவரை வீடே காத்திருக்கும். முகப்பில் பச்சை நிறத்தில் ஒரு கண் விழித்து, நிலையம் சரியாக அகப்பட்டதும் இமை குறுகும். பின்னர் எழும் குரலில் ஒரு கனம் இருந்தது என்று வைத்திருந்தோர் அனைவரும் ஒருவாய்ச் சொல்வர். இதில் மயக்கம் பாதி, உண்மை பாதி. அப்பெட்டிகள் பெரும்பாலும் மரத்தாலானவை. உள்ளிருந்த காகிதக் கூம்பு ஆறு அல்லது எட்டு அங்குல அகலம் உடையது. பின்புறம் துளையிட்ட அட்டையால் மட்டும் மூடப்பட்டது. ஆகவே பெட்டியும் சேர்ந்து அதிர்ந்தது. உயர்ந்த ஒலிகள் மங்கின. பேச்சுக்கும் வாய்ப்பாட்டுக்கும் உரிய நடு ஒலிகள் திரண்டு நின்றன. பொறியாளர் இதைக் குறை என்பர். பி.பி. ஸ்ரீநிவாஸ், ஏ.எம். ராஜா, ஜிக்கி ஆகியோரின் பாடல்களை அப்பெட்டியில் கேட்டு வளர்ந்தவரோ அக்குறையைத்தான் இன்றளவும் தேடிக்கொண்டிருக்கின்றனர்.

அக்காலத்தில் வானொலி வைத்திருக்க அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டும். பெட்டியோடு அச்சிறு புத்தகத்தையும் பாதுகாத்தனர். 1980-களில் அம்முறை ஒழிந்தது. உரிமம் ஒருவர் பெயரில் இருந்ததே தவிர, கேட்பவர் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. பெட்டி கூடத்தில் இருந்தாலும் அதன் முகம் வாசலை நோக்கியே இருக்கும். திண்ணையில் நால்வர், தெருவில் பதின்மர். தேர்தல் முடிவு நாளிலும் தலைவர் மறைந்த நாளிலும் தெரு நிறைந்துவிடும். ஒலியைக் குறைத்து வைத்தால் ‘வீட்டுக்காரருக்கு மனசில்லை’ என்று பேச்சு வரும்.

இங்கிலாந்தில் 1930-களில் வார்ஃப்டேல் நிறுவனத்தைத் தொடங்கிய கில்பர்ட் பிரிக்ஸ், 1954-இல் இலண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் ஒலித்தட்டு இசையையும் நேரடி இசையையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்து, மக்களையே ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். மேலை நாட்டு ஒலிபெருக்கி ஆர்வலரின் கனவு அதுவே: கதவை மூடிய அறையில், ஒரு நாற்காலியில், மேடைக்கு நிகரான ஒலி. புதுப்பட்டிப் பக்கத்து உரிமையாளரின் பெருமிதம் வேறு திசையில் இருந்தது. தம் பெட்டி எத்தனை வீடு தள்ளிக் கேட்டது என்பதே அவர் கணக்கு.

இலங்கை வானொலியைக் குறிப்பிடாமல் இப்பகுதியின் செவி வரலாறு நிறைவுறாது. 1950-இல் தொடங்கிய அதன் வர்த்தக ஒலிபரப்பு தென்பாண்டிச் சீமையில் தெளிவாகக் கேட்டது. எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் தமிழ், இங்குள்ள சிறுவர் பலருக்கு உச்சரிப்புப் பாடமாக அமைந்தது. இந்திய வானொலி 1950-களில் திரைப்பாட்டைத் தள்ளி வைத்த நாள்களில் கொழும்பு அதை வாரி வழங்கிற்று. 1957-இல் விவித பாரதி பிறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். திருநெல்வேலி நிலையம் 1963-இல் வந்த பின்னும், மதுரை நிலையம் 1987-இல் வந்த பின்னும் கூட, பெட்டியின் முள்ளைக் கொழும்பில் நிறுத்தியவர் பலர்.

மரத்தில் ஏறிய குழாய்

கூம்புக் குழாயைத் தென்மாவட்ட மக்கள் ‘ரேடியோ குழாய்’ என்றனர். முழுத் தொகுதிக்கும் ‘ரேடியோ செட்’ அல்லது ‘மைக் செட்’ என்று பெயர். அதற்கும் வானொலிக்கும் தொடர்பில்லை என்பது யாருக்கும் பொருட்டாகத் தோன்றவில்லை. ஓர் ஒலிமிகைப்பான், ஓர் இசைத்தட்டுச் சுழலி, இரண்டு மூன்று தட்டுப் பெட்டிகள், லாரி பேட்டரி, நான்கு குழாய்கள், இரண்டு ஒலிவாங்கிகள். இவை இருந்தால் ஒருவர் தொழில் தொடங்கலாம். அகுஜா, பிலிப்ஸ் போன்ற பெயர்கள் ஊர்ச் சிறுவர்க்கும் மனப்பாடம். முகூர்த்தக்கால் நட்ட கையோடு குழாய் கட்டுவர். காதணி விழா, பூப்புனித நீராட்டு, கோயில் கொடை, அரசியல் கூட்டம், சிலவிடங்களில் சாவு வீடு என ஊர்வாழ்வின் எல்லா நிகழ்ச்சிகளையும் அது அறிவித்தது. பத்திரிகை வைக்க மறந்த வீட்டுக்கும் குழாய் செய்தி சொல்லிவிடும்.

அதன் ஆற்றலுக்குக் காரணம் எளிது. காகிதக் கூம்பு ஒலிபெருக்கி, தனக்குக் கிடைக்கும் மின்னாற்றலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கை மட்டுமே ஒலியாக்கும், எஞ்சியது வெப்பமாகிவிடும். குழாயோ தகட்டின் அசைவைச் சிறுகச் சிறுக விரிந்து செல்லும் பாதையில் செலுத்துவதால் அதைப்போல் பல மடங்கு ஒலி தரும். நீளத்தைக் குறைக்க உள்ளே பாதையை மடித்து வைத்திருப்பர். ஆகவே முப்பது வாட் மிகைப்பான் ஒன்று நான்கு குழாய்களைக் கொண்டு ஓர் ஊரையே நிரப்பியது. ஆனால் தாழ்ந்த ஒலிகளை அது விழுங்கிவிடும். தவிலின் கனத்த பக்கமும் மிருதங்கத்தின் தொப்பியும் அதில் மெலிந்துபோயின. நாகசுரமும் உச்சத் தாயிக் குரலும் நெடுந்தொலைவு பாய்ந்தன. டி.எம். சௌந்தரராசன், சீர்காழி கோவிந்தராசன், நாகூர் அனிபா, கே.பி. சுந்தராம்பாள் ஆகியோர் ஊர்க் குழாய்களில் ஆட்சி செலுத்தியதற்கு அவர்தம் கலைத்திறனோடு இந்த இயற்பியலும் துணை நின்றது. வெறுங்குரல் மேடைக்காகப் பழகிய தொண்டை குழாய்க்கும் பொருந்தியது. மென்குரலோர் கூடத்துப் பெட்டியில் வென்றனர். பாடகர் புகழ் பற்றி எழுதுவோர் இக்கோணத்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

இரவில் இக்குழாயின் எல்லை மேலும் விரிந்தது. பகலில் நிலம் சூடேறி, ஒலி மேல்நோக்கி வளைந்து சிதறும். இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேற்காற்று சற்றுச் சூடாக இருப்பதால் ஒலி மீண்டும் கீழ்நோக்கி வளையும். வயல்வெளியில் தண்ணீர் பாய்ச்சக் காத்திருப்பவர்க்கு இரண்டு மூன்று ஊர் தாண்டிய கொடைப் பாட்டு துல்லியமாகக் கேட்டதும், காற்று திரும்பியதும் அது அறுபட்டு மறுபடி வந்ததும் இதனால்தான். எந்த ஊரில் என்ன விழா என்பதை வரப்பில் நின்றே சொல்லிவிடுவர். டூரிங் டாக்கீஸின் கூரை மேல் இருந்த குழாயில் பக்திப் பாடல் ஒலித்தால் நுழைவுச்சீட்டு கொடுக்கத் தொடங்கிவிட்டனர் என்று பொருள்; இத்தனையாவது பாட்டில் புறப்பட்டால் முதல் காட்சிக்குச் சரியாக இருக்கும் என்று கணக்கு வைத்திருந்தோர் உண்டு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சிற்றூர்களில் தெருவுக்குத் தெரு எல்லை இருந்தது. கோயிலுக்குள், மண்டபத்துக்குள், கச்சேரி மேடைக்கு முன், ஏன், சில தேநீர்க் கடைகளுக்குள்ளும்கூட, எல்லாருக்கும் இடம் இல்லாதிருந்த காலம் அது. 1939-இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஆலய நுழைவு நிகழ்ந்த பின்னரும் சிற்றூர் வழக்கங்கள் மாறப் பல பத்தாண்டுகள் ஆயின. கதவும் மதிலும் கட்டுப்படுத்திய உடம்புகளுக்கு நடுவே, குழாயின் ஒலி மட்டும் யாரையும் கேட்காமல் எல்லாத் தெருவுக்கும் சென்றது. மேடையேறிப் பாட அழைக்கப்படாதவர் அம்மேடையின் பாட்டைத் தம் வீட்டு வாசலில் அமர்ந்து முழுமையாகக் கேட்டார். இதைச் சமத்துவம் என்று மிகைப்படுத்துதல் தகாது. பஞ்சாயத்து வானொலியை எத்தெருவில் வைப்பது, ‘எங்கள்’ கொடைக்குக் குழாயை எத்திசையில் திருப்பிக் கட்டுவது என்பவை பூசலுக்குக் காரணமாகக் கூடியவை. தம் தெருவுக்கென்று குழாய் கட்டும் உரிமையைக் கேட்பது ஒரு கோரிக்கையாகவே எழ வேண்டியிருந்தது. ஆனாலும் கேட்கும் உரிமை பாடும் உரிமைக்கு முந்தி வந்தது என்பதும், அதைக் கொண்டுவந்ததில் இக்கருவிக்குப் பங்குண்டு என்பதும் மறுக்க இயலாதவை.

குழாயும் கவிதையும்

இக்கருவி தமிழை என்ன செய்தது? மேடைத் தமிழின் எழுச்சியைத் திரு.வி.க. முதல் அண்ணா வரையிலான பேச்சாளரின் ஆற்றலோடு மட்டும் சேர்த்துப் பேசுவது மரபு. ஆற்றல் உண்மை. ஆயினும் அடுக்குமொழி வேரூன்றிய பத்தாண்டுகளும் ஒலிபெருக்கி ஊர்தோறும் பரவிய பத்தாண்டுகளும் ஒன்றே என்பதை நோக்க வேண்டும். பெருங்கூட்டத்தில் குழாய்களை நூறு மீட்டர் இடைவெளியில் வரிசையாகக் கட்டுவர். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஆகவே ஒரே சொல் அருகிலுள்ள குழாயிலிருந்து ஒருமுறையும், தொலைவிலுள்ள குழாயிலிருந்து மூன்றில் ஒரு நொடி கழித்து மறுமுறையும் கேட்பவர் செவியில் விழும். இடைவிடாது பேசினால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். சொற்றொடரைச் சிறிதாக வெட்டி, ஈற்றசையை நீட்டி, நிறுத்தி, எதுகை மோனையால் அடுத்த சொல்லை முன்கூட்டியே உணர்த்திப் பேசினால் குழப்பம் குறையும். அடுக்குமொழி குழாயால் பிறந்தது என்று கூறின் அது மிகை. குழாய்க்கு ஏற்ற பேச்சு அதுவாக இருந்ததால் நிலைத்தது என்று கருத இடமுண்டு.

கவியரங்கத்தின் நிலையும் இதுவே. அவையடக்கம், தலைவரை விளித்தல், ஒரே அடியை இருமுறை கூறல், கைதட்டலுக்கு இடம்விட்டு மூன்றாம் முறை சொல்லித் திருப்பத்தை அவிழ்த்தல் என்னும் மரபுகள் தாளில் படிப்பவர்க்கு வேண்டாதவை. திறந்தவெளியில், பின்வரிசையில், கடலைக்காரர் குரலுக்கும் குழந்தை அழுகைக்கும் இடையே கேட்பவர்க்கு இரண்டாம் முறை கூறுவதே முதல் முறை. வானொலிக் கவியரங்கத்தில் பாடிய கவிஞர், வீட்டுப் பெட்டியின் அருகில் தனியே இருப்பவரோடு தாழ்ந்த குரலில் பேச நேர்ந்தது. ஒரே கவிஞரின் வானொலிக் கவிதையையும் திடல் கவிதையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போர், இரண்டு குல ஒலிபெருக்கிகளின் சுவட்டையும் அவற்றில் காணலாம். திடல் கவிதையை அச்சில் பார்த்து ‘வெற்றோசை’ என்று தள்ளிய திறனாய்வாளர் சிலர் உண்டு. பாட்டைக் குழாயிலிருந்து பிரித்தெடுத்துவிட்டு ஓசை வெறுமையாக இருக்கிறது என்பது முறையன்று.

பானையும் பேருந்தும்

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடா 1970-களின் இறுதியில் சிற்றூர்களுக்கு வந்தது. இளையராசாவின் இசையும் ஏறத்தாழ அதே வேளையில் வந்தது, ‘அன்னக்கிளி’ 1976. அவ்விசையில் கீழ்த்தாயி நடையும் தாளக் கருவிகளின் நுட்பமும் மிகுதி. குழாய் அவற்றைத் தரவில்லை; பழைய மரப்பெட்டி ஓரளவே தந்தது. தாழ்ந்த ஒலிக்கான தாகம் அப்போது பிறந்தது. அதற்கு ஊரார் கண்ட விடை மண்பானை. காகிதக் கூம்பு ஒலிபெருக்கியை வாயகன்ற பானையின் மேல் பொருத்தினால், பானைக்குள் அடைபட்ட காற்று தனக்குரிய ஒரு தாழ்ந்த ஒலியில் சேர்ந்து முழங்கும். குடமுழவு என்னும் பெயரைத் தந்த மரபினர்க்கு இவ்வுத்தி தோன்றியதில் வியப்பில்லை. தேநீர்க் கடை மூலையில் மண்பானை, சலூனில் சிமெண்டுக் குழாய், வீட்டில் தச்சரிடம் அளவு சொல்லிச் செய்த பலகைப் பெட்டி. எந்த மரம் நன்றாகப் பாடும், உள்ளே இலவம் பஞ்சு வைப்பதா பழைய துணி வைப்பதா என்று வாதிட்டோர் இருந்தனர். காந்தத்தின் எடையைக் கையில் தூக்கிப் பார்த்து ஒலிபெருக்கியின் தரத்தை முடிவு செய்தனர். அது முற்றிலும் தவறான அளவையும் அன்று.

ஊர்திகளுள் ஒலி புகுந்த கதை 1930-இல் அமெரிக்காவில் பால் கால்வின் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டரோலா கார் வானொலியோடு சூடுபிடித்தது. நம்மூரில் கார் வைத்திருந்தோரே அரியர். அம்பாசிடரின் பின்னிருக்கைக்கு மேலுள்ள பலகையில் நீள்வட்ட ஒலிபெருக்கிகள் இரண்டைப் பதித்து, காரின் பின்பெட்டியே ஒலிப்பெட்டியாக இயங்கச் செய்தோர் அதை நெடுநாள் பேசினர். வெயில் நேரே விழும் இடம் ஆதலால் காகிதம் சில ஆண்டுகளில் மொரமொரத்துக் கிழியும். பசை தடவி ஒட்டி ஓட்டினர். 2014-இல் அம்பாசிடர் உற்பத்தி நின்றபோது வண்டிக்காக வருந்தியவர் பலர். அதன் பின்பலகையிலிருந்து வந்த பாட்டுக்காக வருந்தியவரும் இருந்திருப்பர்.

பெரும்பாலோர்க்கு ஊர்தி ஒலி என்பது பேருந்துதான். தென்மாவட்டத் தனியார் பேருந்துகளில் பாட்டு ஒரு விற்பனைச் சரக்காகவே இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு வண்டிகள் புறப்பட்டால், நல்ல பாட்டுப் போடும் வண்டிக்குக் காத்திருந்து ஏறுவர். இராசபாளையம் ஆலைகளில் இரவு முறை முடித்துத் திரும்பும் தொழிலாளர்க்கு, விசைகளின் ஓயாத இரைச்சலில் எட்டு மணி நேரம் இருந்த செவிக்கு, அப்பாட்டு என்னவாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. ஓட்டுநர் பாட்டுத் தேர்வில் கண்டிப்பானவர் என்றால் பயணிகள் விருப்பம் செல்லாது. அப்படி விரும்பாமல் கேட்டுப் பின்னர் விரும்பிய பாடல்கள் எத்தனையோ.

அடங்கிய குழாய்

இவ்வளவும் கூறியபின் மறுபக்கத்தை மறைப்பது வரலாறு ஆகாது. விடிய விடிய ஒலித்த குழாயின் கீழ்த் தேர்வுக்குப் படித்தோர், நோயாளிகள், கைக்குழந்தையோடு உறங்க முயன்ற தாய்மார் ஆகியோரின் நினைவு, குழாய் உரிமையாளரின் நினைவைப் போல் இனிமையானதன்று. யாரையும் கேட்காமல் எல்லாத் தெருவுக்கும் செல்வது அதன் பெருமை என்றால், யாரையும் கேட்காமல் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்ததே அதன் குற்றமும். 2000-ஆம் ஆண்டு நடுவணரசின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கியைத் தடுத்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என வரம்பிட்டன. 2005-இல் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. தமிழகத்தில் நீதிமன்ற ஆணைகளும் காவல்துறை நடவடிக்கைகளும் குறிப்பாகக் கூம்பு வடிவக் குழாய்களைக் குறிவைத்தன. பலகைப் பெட்டி ஒலிபெருக்கிகள் அவ்விடத்தைப் பிடித்தன. அவற்றின் தாழ்ந்த அதிர்வு நெஞ்சில் இடிக்கிறது. ஆனால் வரப்பில் நிற்பவரை எட்டும் தெளிவு அதில் இல்லை.

ஆண்டாள் பிறந்த திருவில்லிபுத்தூர்ப் பகுதிக்கு இவ்விதி ஒரு தனிச் சிக்கலைத் தந்தது. அரியக்குடி இராமானுச ஐயங்கார் பண்ணமைத்து, எம்.எல். வசந்தகுமாரி பாடிய திருப்பாவை, வானொலி வழியாகவும் இசைத்தட்டு வழியாகவும் தமிழ்நாட்டு வைகறைகளின் ஒலியாகவே ஆகிவிட்டது. முப்பது பாடல்களுள் பல துயிலெழுப்பும் பாடல்கள். பாடப்பட வேண்டிய பொழுது விடியலுக்கு முந்தியது. ஆறு மணிக்குப் பின் எழுப்பினால் அது மார்கழி நீராட்டன்று. உறங்குவோரை எழுப்புவது பாவையின் கடமை. உறங்குவோரை எழுப்பாதிருப்பது விதியின் கடமை. இரண்டில் எதையும் தவறு என்று சொல்ல முடியவில்லை. குழாயின் வாயைக் கோயிலை நோக்கித் திருப்பி, ஒலியைக் குறைத்து வைத்துச் சமாளித்துக்கொண்ட ஊர்கள் உண்டு.

பழைய குழாய்களுள் பெரும்பாலானவை அலுமினிய விலைக்குப் பழைய இரும்புக் கடைகளில் எடைபோடப்பட்டன. மரப்பெட்டி வானொலிகளுக்கு அத்தகைய பழைய சரக்கு விலைகூட இல்லாததால் பரணில் தங்கின. எலி காகிதக் கூம்பைத் தின்றது, கரையான் பெட்டியைத் தின்றது, துணி முகப்பு மட்டும் சாயம் போகாமல் இருந்தது. அண்மை ஆண்டுகளில் நகரத்து ஆர்வலர் தேடிவந்து விலைபேசுகின்றனர். கொடுக்க மனமில்லாதோர் பழுது பார்ப்பவரைத் தேடுகின்றனர். கூம்புத்தாளும் கம்பிச்சுருளும் மாற்றித் தருவோர் மதுரை போன்ற நகரங்களில் இன்னும் சிலர் உளர். அவ்வாறு உயிர்பெற்ற பெட்டியில் பிடிப்பதற்கு மத்திய அலை நிலையங்கள் குறைந்துவிட்டதால், கைப்பேசியிலிருந்து ஒரு கம்பியை இழுத்துப் பழைய பாடலை ஒலிக்க விடுகின்றனர். வால்வு சூடேறும் வரை அரை நிமிடம் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது. பெட்டியை இப்போதும் வாசலை நோக்கியே வைக்கின்றனர்.